நல்லா இருக்காங்க என்று எழுதக் கூடாது

எனக்குக் கடிதம் எழுதக் கற்றுக் கொடுத்தவருக்குத் தமிழ் தெரியாது.

கல்கத்தாவில் ஒரு ஆயா சென்டரில் வேலை பார்த்தேன். வயதானவர்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பும் இடம். பகலுக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, பாத்ரூமுக்குக் கைப்பிடித்துக் கூட்டிப் போவது. இதைச் செய்கிறவளுக்கு இந்த ஊரில் ஆயா என்று பெயர். நான் எட்டாவது வரை படித்தது வேலூர்ப் பக்கம். கல்யாணம் ஆகி ஹவுராவுக்கு வந்தேன். கணவர் லேத் பட்டறையில் இருந்தார். பட்டறையை மூடினார்கள். நான் வேலைக்குக் கிளம்பினேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சென்டர் மேனேஜர் வங்காளி. அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பேங்க், ரயில்வே, துறைமுகம் என்று வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அப்பா அம்மா இங்கே தனியாக. சென்டருக்குப் பணம் கட்டுவது பிள்ளைகள்தான். அவர்களுக்கு இங்கிலீஷில் எழுதினால் விளம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். தாய்மொழியில், கையால் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினால் நின்று படிப்பார்கள்.

"தீதி, உனக்குத் தமிழ் எழுத வருமா?" என்று கேட்டார். தீதி என்றால் அக்கா. அவர் பேசியதெல்லாம் வங்காளம். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"வரும். தப்பும் வரும்."

"வரட்டும். தப்பு இருந்தால்தான் கம்பெனி எழுதிய மாதிரி இருக்காது."

முதல் கடிதத்திலேயே தப்பு வந்தது. புதுக் குடும்பங்களைப் பிடிக்க எழுதியது. 'உங்கள் வீட்டுக்கு நல்ல ஆயா அனுப்புவோம்' என்று எழுதிவிட்டேன். இந்த ஊர்ப் பேச்சு பழகிப்போனதால் வந்த வினை. மறுநாள் ஒருவர் போன் செய்தார்.

"யாரும்மா இதை எழுதினது? எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆயா இருக்கு. எண்பத்தஞ்சு வயசு. அதையே சமாளிக்க முடியல. நீங்க இன்னொண்ணு வேற அனுப்புறீங்களா?"

பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது. "பழசைக் குடுத்தா எடுத்துக்குவாங்களான்னு கேளுங்க."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. அது எனக்கே மறந்திருந்தது. அடுத்த கடிதத்தில் 'துணைக்கு ஒரு பெண்' என்று மாற்றினேன்.

மேனேஜர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். ஆரம்பத்தில் வணக்கம் வேண்டாம். அந்த வீட்டில் உள்ள ஒரு சாமானைச் சொல்லு. பிள்ளை சின்ன வயதில் பார்த்த சாமானாக இருக்கட்டும். பிறகு ஒரு பயம். ஒன்றே ஒன்றுதான். இரண்டு சொன்னால் கோபம் வரும். பிறகு உன் கை.

"என் கையா?"

"பயத்தைக் காட்டியவளே கையையும் பிடிக்க வேண்டும், தீதி. வேறு ஆள் வந்து பிடித்தால் வியாபாரம்."

கடைசியில் பின்குறிப்பு. கடிதத்தைத் திறந்தவர்கள் முதலில் கீழேதான் பார்ப்பார்களாம். கேட்க வேண்டியதை அங்கே கேட்க வேண்டும். ராத்திரிக்கும் ஆள் வேண்டுமா, இன்னும் ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுகிறீர்களா, இப்படி.

"இன்னொன்று. 'பாலோ ஆச்சே' என்று மட்டும் எழுதிவிடாதே."

பாலோ ஆச்சே என்றால் நல்லா இருக்காங்க.

"ஏன்?"

"அம்மா நன்றாக இருந்தால் நாம் எதற்கு?"

"அப்போ என்ன எழுத?"

"மோட்டாமுட்டி."

வங்காளத்தில் அது கெட்டிக்காரச் சொல். நன்றாகவும் இல்லை, மோசமும் இல்லை. யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தமிழில் அதற்கு என்ன என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். ஹவுரா பாலத்தில் பஸ் நகரவில்லை. அங்கேதான் கிடைத்தது. பரவாயில்லை. வெறும் பரவாயில்லை போதாது. இன்றைக்குப் பரவாயில்லை. நேற்று என்ன ஆச்சு என்று கேட்க வைக்கும். நாளைக்கு என்ன ஆகுமோ என்று நினைக்க வைக்கும். பொய்யும் கிடையாது.

அந்தச் சொல் நன்றாக ஓடியது. பகலுக்கு மட்டும் ஆள் வைத்திருந்த வீடுகள் ராத்திரிக்கும் வைத்தன. மேனேஜர் என்னை மற்ற ஆயாக்களின் முன்னால் நிறுத்தி, இவள் பேனாவைப் பாருங்கள் என்றார். எட்டாவது படித்தவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

நான் கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. பகலில் டாக்குரியா என்ற பகுதியில் ஒரு அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். திருநெல்வேலிக்காரர். கணவர் துறைமுகத்தில் ஆபீசராக இருந்து இறந்தவர். ஒரே பையன், கனடாவில். அவன் பிறந்து வளர்ந்தது இங்கே. வங்காளம்தான் சரளம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அதனால் நான் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அவனுக்குள் மெதுவாக இறங்கும்.

அந்த அம்மாவுக்கு ஒரு குறையும் பெரிதாக இல்லை. சர்க்கரை கொஞ்சம், முட்டி வலி கொஞ்சம். வீட்டுக்குப் பக்கத்துப் பாலத்துக்குக் கீழே மீன் வாங்கத் தானே போவார். நான் கூடப் போகலாம், பேசக் கூடாது. மீன்காரனோடு வங்காளத்தில் சண்டை. திட்டு மட்டும் திருநெல்வேலி. "செவுளத் தூக்கிக் காட்டுலே மூதி" என்பார். அவன் தூக்கிக் காட்டுவான். சாயங்காலம் கீழ் வீட்டு மருமகள் பால் இல்லாத டீ போட்டுக்கொண்டு மாடிக்கு வருவாள். மாஷிமா, மாஷிமா என்று சித்தி முறை வைத்து அழைத்துக்கொண்டே ஏறுவாள். இரண்டு பேரும் தெருவில் உள்ள அத்தனை பேரையும் பற்றிப் பேசி முடிப்பார்கள். துர்கா பூஜைக்குச் சந்தா கேட்டு வருகிற பையன்களிடம், பந்தலில் முன்வரிசையில் நாற்காலி போட்டால்தான் தருவேன் என்பார். போடுவார்கள்.

ஒரு தடவை கட்டில் காலில் முட்டியை இடித்துக்கொண்டார். தோல் சிராய்ந்தது. நான் வழக்கம்போல எழுதினேன். 'அம்மாவின் முட்டியில் சின்னக் காயம். இன்றைக்குப் பரவாயில்லை.' பையன் திரும்பத் திரும்பப் போன் செய்தான். மீன் பொரித்துக்கொண்டிருந்தவர் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏ பிள்ள, அவனுக்கு என்னத்த எழுதித் தொலைச்ச? கால எடுக்கணுமான்னு கேக்கான்!"

"சின்னக் காயம்னுதாம்மா எழுதினேன்."

"சின்னக் காயம்னு எழுதுததுக்கு எதுக்கு ஒரு லெட்டரு? மீனு தீயுது, தள்ளு."

அன்றோடு அதை மறந்துவிட்டார். பையன் மறக்கவில்லை.

பிறகு சென்டர் முதலாளிகள் ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் ஒரு முதியோர் இல்லம் திறந்தார்கள். உயரமான கட்டிடம். லிஃப்ட், நர்ஸ், ஏசி, வேளாவேளைக்குச் சாப்பாடு. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, இந்த மாதம் எல்லா வீட்டுக்கும் நியூ டவுன் கடிதம்தான் என்றார். வீட்டுக்கு ஆள் அனுப்புவதைவிட ஆளை அங்கே கொண்டுபோய் வைப்பது சென்டருக்கு லாபம்.

டாக்குரியா வீட்டுக்கு நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றேன். சென்டர்க்காரர்களே இங்கிலீஷ் விளம்பரத்தைப் படங்களோடு அனுப்பிவிட்டார்கள். பையன் பார்த்தான். அம்மாவிடம் போனில் சொன்னான். அங்கே போயிடும்மா, எனக்கு நிம்மதியா இருக்கும் என்றான். அந்த அம்மா முடியாது என்றார். கோபித்தார், அழுதார், போனை வைத்தார். மறுநாளும் அவன் அதையே சொன்னான். வீடு அவன் பெயரில் இருந்தது.

அன்று மத்தியானம் என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கான். நல்லா இருக்கேன்னுதான எந்தத் தாயும் சொல்லுவாங்கான். அவன் நம்புதது ஒன் லெட்டரத்தான்."

"நான் என்னம்மா எழுத?"

"ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் வித்துக் குடுக்கேல்லா? என் வீட்ட எனக்கு வித்துக் குடு."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அங்கன போனா எட்டு மணிக்கு உறங்கச் சொல்லுவான். ஆறு மணிக்கு எந்திரிக்கச் சொல்லுவான். எனக்கு எதுக்குட்டி இன்னொருத்தன் நேரம் குறிக்கணும்? நான் இங்கனயே கெடந்துட்டுப் போறேன்."

அவர் போனால் எனக்கு வேறு வீடு கொடுப்பார்கள். எனக்கு நஷ்டம் இல்லை. சென்டருக்குத் தெரிந்தால்தான் நஷ்டம். இருந்தாலும் எழுத உட்கார்ந்தேன்.

மேனேஜர் சொல்லிக் கொடுத்தது ஒன்றும் அதில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். சாமான் இல்லை. பயம் இல்லை. கை இல்லை. பின்குறிப்பு இல்லை. எழுதி முடித்து வாசித்துக் காட்டினேன்.

'தம்பிக்கு. அம்மா நல்லா இருக்காங்க. தானே குளிக்கிறாங்க. தானே மீன் வாங்குறாங்க. கீழ் வீட்டுக்காரங்க தினமும் வராங்க. நியூ டவுன் வேண்டாம். அம்மா இங்கேயே இருக்கட்டும். எனக்கு இதில் ஒன்றும் கிடையாது.'

"என்னட்டி இது, மொட்டையா இருக்கு?" என்றார். "அவன் படிச்ச மேசை, அவங்கப்பா கொடைன்னு என்னெல்லாமோ எழுதுவியே. அதக் காணும்?"

"அதெல்லாம் விக்கிறதுக்கும்மா."

"நான் விக்கத்தான சொன்னேன்!"

"இது உண்மைம்மா. இதுக்கு எதுக்கு அலங்காரம்?"

"உண்மைக்குத்தாம்ட்டி அலங்காரம் வேணும். பொய்யி தானா நடந்து போயிரும்."

நான் கேட்கவில்லை. அப்படியே போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மறுநாள் போன் வந்தது. அவனுக்கு அங்கே விடிந்திருக்காது.

"அக்கா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை தம்பி."

"ப்ளீஸ். என்னன்னாலும் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

"நல்லா இருக்காங்கன்னு எழுதியிருந்தேனே."

"அதனாலதான் கேக்கறேன். இத்தனை வருஷத்துல நீங்க ஒரு தடவை கூட அப்படி எழுதினதில்லை. எப்பவும் பரவாயில்லைன்னுதான் எழுதுவீங்க. இப்ப திடீர்னு நல்லா இருக்காங்கன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே சொன்னான்.

"அப்பா போனப்பவும் இதையேதான் சொன்னாங்க. 'அப்பா நல்லா இருக்கார், நீ கிளம்பி வா.' ஏர்போர்ட்லேர்ந்து வந்து இறங்கறேன், வாசல் முழுக்கச் செருப்பு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஆட்கள் தூரத்தில் இருப்பவனுக்குச் சாவை அப்படித்தான் சொல்வோம். என் மாமியார் போனதை என் கணவருக்கு அப்படித்தான் சொன்னார்கள். யாராவது கேட்காமலே நல்லா இருக்காங்க என்று சொன்னால் டிக்கெட் எடு என்று அர்த்தம். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எழுதும்போது நினைவில் வரவில்லை.

அந்த அம்மா போனைப் பிடுங்கினார்.

"ஏலே, நான்தாம்லே பேசுதேன். செத்தவ பேசுவாளா? கூறு இருக்கா ஒனக்கு?"

அவன் என்ன சொன்னானோ, கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவன் இப்போது நிதானமாகப் பேசினான்.

"அக்கா, நான் தப்பா எடுத்துக்கலை. அம்மா நியூ டவுன் போனா உங்க வேலை போயிடும், அதானே? எனக்கு இதுல ஒண்ணும் கிடையாதுன்னு கடைசில எழுதியிருக்கீங்க. படிச்சதுமே புரிஞ்சுது. உங்களுக்கு ஏதாவது பண்றேன். கவலைப்படாதீங்க."

"அதுக்காக எழுதலை தம்பி."

"சரி சரி. பரவாயில்லை" என்றான்.

நான் எழுதியதில் உண்மை அந்த ஒரு கடிதம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். முன்னால் எழுதியதும் பொய் இல்லை. ஆனால் அதையெல்லாம் நம்பினான். இதை நம்பவில்லை. அதே கை, அதே எழுத்து, அதே பிழை.

அந்த வாரமே வந்துவிட்டான். நல்ல பையன். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். எனக்கு ஒரு புடவை வாங்கி வந்திருந்தான். நியூ டவுன் போய் அறையைப் பார்த்துவிட்டு வந்தான். ஜன்னல் பெரிது, வெளிச்சம் நிறைய, நர்ஸ் கூப்பிட்டதும் வருகிறாள் என்றான். எல்லாமே உண்மையாகத்தான் இருக்கும். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பேசாமல் இருந்தது எனக்குத்தான் பொறுக்கவில்லை.

டாக்சி வந்தது. கீழ் வீட்டு மருமகள் வாசலில் நின்று அழுதாள். "எஷோ மாஷிமா, எஷோ" என்றாள். போய்விட்டு வா என்பதற்கு அவர்களும் வா என்றுதான் சொல்வார்கள். மீன்காரனுக்கு யாரும் சொல்லவில்லை.

வண்டியில் ஏறும்போது அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன் மேல ஒண்ணும் வருத்தம் இல்ல பிள்ள" என்றார். "ஆனா முந்தி எழுதுனதெல்லாம் ரொம்ப நல்லா எழுதிட்ட."

கதவைச் சாத்தினேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். திட்டு விழும் என்றுதான் போனேன். சென்டருக்கு எதிராக எழுதியிருக்கிறேன். பையன் அதைக் காட்டியிருப்பான். மேனேஜர் எழுந்து நின்று சந்தேஷ் இனிப்பு டப்பாவை நீட்டினார்.

"எடுத்துக்கொள் தீதி. அந்தப் பையன் எப்போதும் யோசிக்கிறேன் யோசிக்கிறேன் என்பான். உன் கடிதம் போனதும் மறுநாளே பணம் கட்டிவிட்டான். அப்படி என்ன எழுதினாய்?"

"நல்லா இருக்காங்கன்னு எழுதினேன்."

"என்ன?"

வங்காளத்தில் சொன்னேன். ஏன் பயந்தான் என்பதையும் சொன்னேன். சாவுச் செய்தியை எப்படிச் சொல்வோம் என்பதையும் சொன்னேன். அவருக்கு மனம் சங்கடப்படும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவர் உட்கார்ந்தார். ஒரு காகிதத்தை எடுத்தார்.

"தமிழில் அதை எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை சொல்லு. மெதுவாக."

சொன்னேன்.

"நொல்லா இருக்காங்கோ" என்றார். திரும்பச் சொல்லிப் பார்த்தார். வங்காளத்தில் எழுதி வைத்துக்கொண்டார். "மாதா மாதம் மோட்டாமுட்டி. திடீரென்று ஒரு நாள் இது. அடடா. வேறு எந்த பாஷையிலும் வராது. இனி எல்லாத் தமிழ் வீட்டுக்கும் இப்படி ஒன்று எழுது."

அவருக்கு மூளை உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

"இனிமேல் எழுதமாட்டேன்" என்றேன்.

"சரி, எழுத வேண்டாம். வேலைக்கு வா."

"அதுவும் வேண்டாம்."

கோபப்படவில்லை அவர். சந்தேஷை எடுத்துக்கொண்டு போ என்றார். எடுக்கவில்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்து அப்படியே வேறு யாரையோ எழுத வைத்திருக்கிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பிழையோடு சேர்த்து.

இப்போது ஹவுராவிலேயே ஒரு வீட்டில் வேலை. அவர்கள் பிகாரிகள். எழுத வேண்டியது இல்லை.

போன மாதம் லீவு எடுத்துக்கொண்டு நியூ டவுன் போனேன். கேட்டில் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்றான். சொன்னேன். நீ என்ன உறவு என்றான். கூட இருந்தவள் என்றேன். உள்ளே மேசையில் இருந்த பெண்ணிடம் அனுப்பினான். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"உங்கள் பெயர் இல்லையே தீதி. வீட்டுக்காரர்கள் சொன்னால்தான் விட முடியும்."

"அவங்க நல்லா இருக்காங்களா?"

"மோட்டாமுட்டி" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பையனுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். அவர் சரி என்று சொன்னால் இப்போதே மேலே போகலாம்" என்றாள். நல்ல பெண்.

எதிரில் டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். ஏன், என்ன கேள்விப்பட்டீர்கள் என்று கேட்பான். அழித்தேன். இந்தப் பக்கம் வந்தேன் என்று எழுதினேன். ஹவுராக்காரிக்கு நியூ டவுன் எந்தப் பக்கம்? அழித்தேன். கடைசியில், சும்மாதான் தம்பி, பார்த்துவிட்டுப் போகலாம் என்று எழுதினேன். அதுதான் உண்மை. சும்மா என்றால் யார் நம்புவார்கள்? நான் அனுப்பினால் அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பான். படித்துவிட்டு அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தேடுவான். அங்கே போன் போடுவான். அந்த அம்மாவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எல்லா டெஸ்டும் எடுக்கச் சொல்வான்.

டீ ஆறிவிட்டது. குடித்தேன். அதையும் அழித்தேன்.

ஹவுரா பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.